'வேணும்' என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியர்

(புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாளை ஒட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை, நம் பங்கு மக்களுக்காகச் சற்றே விரித்துத் தரப்படுகிறது.)



பிள்ளை வேலைக்காக வெளிநாடு போகிறான் என்றால் நம் வீடுகளில் மகிழ்ச்சி. அதே பிள்ளை, "நான் சம்பளத்துக்குப் போகவில்லை. இரண்டு ஆண்டுகள் அங்குள்ள ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்" என்று சொன்னால் வீடே கலங்கிப்போகும். "அந்த ஊர்ப் பேச்சு உனக்குத் தெரியுமா? உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்? நீ போய் என்ன செய்துவிடப் போகிறாய்?" என்று அம்மா கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. அயல்நாட்டில் தொண்டு செய்யும் ஓர் ஆசிரியரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். அப்படி வாழ்ந்த ஒருவர் நம் தமிழ் மண்ணுக்கே வந்தார். தம்முடைய நாட்களைப் பற்றித் தம் கையாலேயே கடிதங்கள் எழுதிவைத்தார். டிசம்பர் 3 ஆம் நாள் நாம் விழா எடுக்கும் சவேரியார்தான் அவர்.

சவேரியார் 1506 இல் இன்றைய ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில் பிறந்தவர். பாரிஸ் நகரில் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். இந்தியாவுக்கு அனுப்பப்படுவதற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர் அல்லர், வேறொருவர். அந்த மனிதர் நோயில் விழவே, புனித இஞ்ஞாசியார் சவேரியாரைக் கேட்டார். அவர் தயங்கவில்லை. 1540 மார்ச்சில் உரோமையை விட்டுப் புறப்பட்டு, 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறி, பதின்மூன்று மாதங்கள் கழித்து 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் நம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்.

அங்கே அவர் கண்டது என்ன? சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்ற மக்கள். ஆனால் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லை. என்ன நம்புகிறீர்கள் என்று கேட்டால், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லை என்று அவர் எழுதுகிறார். அது அவர்கள் குற்றமன்று. அவர்களுடைய மொழியில் யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

பாரிஸில் தத்துவம் கற்பித்த பேராசிரியருக்கு இங்கே தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆகவே பாடம் நடத்துவதற்கு முன்னால் அவரே மாணவராக உட்கார்ந்தார். தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களைத் தேடிக் கூட்டினார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் ஆகியவற்றை மிகுந்த சிரமத்தோடு தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்தார். அதன் பிறகுதான் கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அன்று முதல் அவருடைய நாள் இப்படிப் போனது. மணியடித்துப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி, நாளுக்கு இருமுறை செபங்களைச் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகள் தாங்கள் கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும், அண்டை வீட்டாருக்கும் சொல்லித்தர வேண்டும். ஞாயிறன்று ஊரே கூடும். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். நோயாளிகளிடம் செபிக்க அழைப்பு வரும். எல்லா வீட்டுக்கும் தாமே போக முடியாதபோது செபங்களைக் கற்ற சிறுவர்களை அனுப்புவார். தாம் செபிக்கவும், உண்ணவும், உறங்கவும் பிள்ளைகள் விடுவதில்லை. இன்னொரு செபம் சொல்லிக்கொடுங்கள் என்று சூழ்ந்துகொள்கிறார்கள் என்று 1544 சனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அதில் சலிப்பு இல்லை. வகுப்பறை நிறைந்த ஆசிரியரின் மனநிறைவுதான் இருக்கிறது.

ஓர் ஊரை விட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது செபங்களின் படி ஒன்றை அங்கே விட்டுச்செல்வார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு, தினமும் சொல்ல வேண்டும். தாம் போன பின்னும் பாடம் நடக்க வேண்டும் என்பதற்காக உள்ளூர் உபதேசிமாரை அமர்த்தினார். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அதை உபதேசிமாருக்குத் தரும்படி அரசியிடமே கேட்டுப் பெற்றார்.

இனி நான் சொல்லப்போவதுதான் இன்றைய சிந்தனையின் மையம். சவேரியார் மனப்பாடம் செய்த தமிழ் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு பிழை இருந்தது. 'நான் விசுவசிக்கிறேன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று இருந்தது. 'கடவுளை விசுவசிக்கிறேன்' என்பதற்குப் பதிலாக 'கடவுள் எனக்கு வேணும்' என்ற பொருளில் ஊர் ஊராகக் கற்பித்திருக்கிறார்! பிழை தெரிய வந்ததும் அவர் மறைக்கவில்லை. 1544 இல், தம்மோடு உழைத்த மான்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, 'வேணும்' என்பதை விட்டுவிட்டு 'விசுவாசம்' என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்று திருத்தினார்.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஓராண்டுக்கும் மேலாக, ஆயிரக்கணக்கான மக்கள் முன்னால் உரத்த குரலில் சொல்லிக்கொடுத்த பாடம் அது. 'நான் சொன்னது தவறு' என்று ஒப்புக்கொள்வது ஓர் ஆசிரியருக்கு எளிதா? நம் வீட்டில் பிள்ளைகள் முன்னால் நம் தவற்றை ஒப்புக்கொள்ளவே நமக்கு மனம் வருவதில்லை. அயல்நாட்டுக்குப் போகும் ஆசிரியருக்குச் சோதனை பசியிலும் காய்ச்சலிலும் மட்டும் வருவதில்லை. 'எனக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது' என்ற எண்ணத்தில்தான் பெரிய சோதனை வருகிறது. அந்த எண்ணத்தோடு போகிறவருக்கு அந்த மக்களின் மொழியும் வராது, மனமும் திறக்காது.

அன்பு வகுப்பறையோடு நின்றுவிடவும் கூடாது. 1544 இல் வடுகர் படை தென்கடற்கரை ஊர்களைத் தாக்கியபோது, மக்கள் உயிர் தப்பக் கடலிலுள்ள பாறைகளில் ஒளிந்துகொண்டு பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு அவர்களைத் தேடிப் புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளைத் திருப்பியது. பிறகு நடந்தே குமரி முனைக்குப் போனார். பாடம் சொல்லிக்கொடுத்தவர், மாணவரின் வீட்டில் துன்பம் வந்தபோது ஒதுங்கி நிற்கவில்லை. மான்சிலாசுக்கு அவர் மீண்டும் மீண்டும் எழுதிய அறிவுரையும் இதுதான்: மக்களிடம் பொறுமையாக இருங்கள், அவர்களுடைய அன்பைப் பெறுங்கள்.

சவேரியார் தமிழை முழுமையாகக் கற்கவில்லை. அந்தக் குறையை நிறைவு செய்தவர் அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கல்லில் பிறந்த இவர் 1546 இல் இந்தியா வந்தார். தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, இலக்கணக் குறிப்பும் எழுதினார். அவருடைய உழைப்பைச் சவேரியாரே பாராட்டியிருக்கிறார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட மறைக்கல்வி நூல். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுதான். பிழையோடு தொடங்கிய பாடம், முப்பத்தாறு ஆண்டுகளில் அச்சு நூலாக வளர்ந்தது. 1600 இல் இறக்கும்வரை அடிகளார் நம் மக்களோடுதான் இருந்தார்.

அன்பார்ந்தவர்களே, கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை நினைத்துப் பாருங்கள். கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைவிக்கும் மலையாளி மக்களின் பிள்ளைகளும் படிக்க வேண்டியவர்கள்தான். அவர்கள் பேசுவதும் தமிழே. என்றாலும் அவர்களுடைய வழக்கும், பருவமும், உழைப்பும் வேறு. மாலை வகுப்பு எடுக்க மலையேறும் இளைஞரோ இளம்பெண்ணோ முதல் நாளே புத்தகத்தைத் திறக்க வேண்டாம். பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள். அவர்கள் பொருள்களுக்குச் சொல்லும் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் பிள்ளை ஏன் வரவில்லை என்று கோபிப்பதற்கு முன் அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கடல் கடந்து போகிறவருக்கும் மலையேறிப் போகிறவருக்கும் பாடம் ஒன்றுதான்.

பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். 'நீ போய் என்ன செய்துவிடப் போகிறாய்?' என்று கேட்காதீர்கள். 'போய் முதலில் கற்றுக்கொள்' என்று சொல்லி ஆசி கொடுங்கள்.

சவேரியார் திருநாளில் வாசிக்கப்படும் நற்செய்தியில், உலகெங்கும் சென்று நற்செய்தியை அறிவிக்கும்படி ஆண்டவர் தம் சீடரை அனுப்புகிறார். சீடர் என்றாலே கற்கிறவர் என்றுதான் பொருள். கற்கிறவர்களைத்தான் அவர் கற்பிக்க அனுப்பினார்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, பிறர் ஊரில் பாடம் சொல்லிக்கொடுக்கும் எல்லாரையும் காத்தருளும். தவறும்போது திருந்தும் மனத்தை அவர்களுக்கும் எங்களுக்கும் தாரும். 'நீர் எங்களுக்கு வேணும்' என்று தொடங்கும் எங்கள் தேடல், 'உம்மை விசுவசிக்கிறோம்' என்று நிறைவு பெறச் செய்தருளும். ஆமென்.