மனிதரை அளக்கும் கோல்கள் – 7: நடுவில் விழுந்த கோடு

சென்ற வாரம் மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணம் சொன்ன பிரெனாலஜியைப் பார்த்தோம். அது மாண்டுபோன சாத்திரம். அதைக் குறைசொல்ல இன்று யாரும் தயங்குவதில்லை. இந்த வாரம் எடுத்துக்கொள்வது நம் காலத்தில் செழித்து நிற்கும் ஒன்று. நாலே எழுத்தில் ஒருவரைச் சொல்லிவிடும் ‘மையர்ஸ்-பிரிக்ஸ்’ தேர்வு, சுருக்கமாக எம்.பி.டி.ஐ. கூட்டத்தில் தெம்பு பெறுபவரா, தனிமையில் தெம்பு பெறுபவரா. கண்ணால் கண்ட விவரத்தை நம்புபவரா, உள்ளுணர்வை நம்புபவரா. தர்க்கம் பார்த்து முடிவெடுப்பவரா, மனிதர்களின் மனம் பார்த்து முடிவெடுப்பவரா. திட்டம் போட்டு நடப்பவரா, போகிற போக்கில் பார்த்துக்கொள்பவரா. நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள், ஆக 16 வகைகள். அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் இதை நடத்துகிறார்கள். தென்கொரிய இளைஞர்கள் முதல் சந்திப்பிலேயே இந்த நாலெழுத்தைக் கேட்டுக்கொள்கிறார்கள். இன்னின்ன வகையினர் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அங்கே வேலை விளம்பரமே வந்திருக்கிறது. ஒருவருக்கு வேலை இல்லை என்று சொல்லும் அளவுக்கு இந்த எழுத்துகளில் உண்மை இருக்கிறதா?

இதை உருவாக்கியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும். தாய் கேதரின் பிரிக்ஸ் மனிதர்களை வகைபிரிப்பதில் நெடுநாள் ஈடுபாடு கொண்டவர். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ நூல் 1923இல் ஆங்கிலத்தில் வந்தபோது, தான் தேடியது அதில் இருப்பதாகக் கண்டார். மகள் இசபெல் மையர்ஸ் துப்பறியும் நாவல் எழுதியவர். படித்தது அரசியல் விஞ்ஞானம். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைக்கு வந்தார்கள். அவரவர் இயல்புக்கு ஏற்ற வேலையில் அவரவரை அமர்த்த ஒரு வழி வேண்டும் என்ற அக்கறையில்தான் இசபெல் கேள்விகளை எழுதத் தொடங்கினார். இருவருமே உளவியல் பட்டம் பெற்றவர்கள் இல்லை என்பதைப் பலர் ஒரு குற்றச்சாட்டாகச் சொல்வார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. பட்டம் இல்லாதவர் செய்த நல்ல கருவிகள் உலகில் உண்டு. கவனிக்க வேண்டியது வேறு. அகமுகி (இன்ட்ரோவெர்ட்), புறமுகி (எக்ஸ்ட்ரோவெர்ட்) என்று பிரித்துக் காட்டிய யுங், இரண்டு பக்கமும் சாயாத மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு, எண்ணிக்கையில் அதுவே பெரியது என்றும் எழுதியிருக்கிறார். நூலிலிருந்து தேர்வுத்தாளுக்கு வரும் வழியில் அந்தப் பெரிய கூட்டம் காணாமல் போய்விட்டது.

அது எப்படிக் காணாமல் போனது என்பதைத் தாளை விரித்துவைத்தே பார்க்கலாம். பரவலாகப் பயன்பட்ட 93 கேள்வித் தாளில், அகமுகியா புறமுகியா என்று தீர்மானிக்க 21 கேள்விகள் இருக்கின்றன. எளிமைக்காக ஒவ்வொரு பதிலுக்கும் ஒரே மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் எழுதுகிறார்கள். முதலாமவர் 11 கேள்விகளில் புறமுகிப் பக்கமும் 10இல் அகமுகிப் பக்கமும் குறிக்கிறார். இரண்டாமவர் 10க்கு 11. மூன்றாமவர் 21 கேள்வியிலும் புறமுகிப் பக்கமே. இந்த மூவரில் யாரும் யாரும் ஒத்தவர்கள் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட முதல் இருவரைக் காட்டும். ஆனால் முடிவுத்தாளில் முதலாமவரும் மூன்றாமவரும் ஒரே எழுத்து. ஒரு கேள்வியில் மட்டும் மாறிய இரண்டாமவர் எதிரெழுத்து. அந்த ஒரு கேள்விக்கு அன்றைக்கு மனம் எப்படி இருந்ததோ அப்படிப் பதில் எழுதியிருப்பார். முந்தின இரவு கல்யாண வீட்டில் கண்விழித்திருந்தால் கூட்டம் அலுப்பாகத் தோன்றும். ஒரு வாரம் வீட்டில் அடைந்து கிடந்திருந்தால் அதே கூட்டம் இனிக்கும்.

விளிம்பில் நிற்பவர்கள் எங்கோ ஓரிருவர்தானே, அவர்களுக்காக முறையையே தள்ளலாமா என்று கேட்கலாம். மனிதர்கள் உண்மையில் இரண்டு இனமாகப் பிரிந்திருந்தால் அந்தக் கேள்வி நியாயமானது. அப்படியானால் மதிப்பெண்களை வரைபடமாகப் போடும்போது இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு மேடு தெரிய வேண்டும். நடுவில் பள்ளம் இருக்க வேண்டும். தெரிவதோ ஒரே மேடு, உயரத்தை அளந்தால் கிடைப்பதுபோல. பெரும்பாலோர் நடுவில், ஓரங்களில் சிலர். உளவியலாளர்கள் ராபர்ட் மெக்ரேயும் பால் காஸ்டாவும் 1989இல் இந்தத் தேர்வை ஆராய்ந்து, தனித்தனி வகைகள் இருப்பதற்கான சான்று இல்லை என்றே எழுதினார்கள். ஆக, கோடு விழுந்திருப்பது கூட்டம் மிக நெருக்கமாக நிற்கும் இடத்தில். அதனால்தான் சில வாரங்கள் கழித்து அதே தேர்வை மறுபடி எழுதியவர்களில் பாதிப் பேர் வரைகூட வேறு வகைக்கு மாறியதாக ஆய்வுகளில் தெரியவந்தது. இதில் மர்மம் இல்லை, சிறு பெருக்கல் கணக்குதான். ஒவ்வோர் எழுத்தும் 100க்கு 85 பேருக்கு மாறாமல் நிற்கிறது என்று வையுங்கள், நல்ல எண்தான். நான்கும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டு 0.85ஐ நான்கு முறை பெருக்கினால் 0.52. நாலெழுத்தும் அப்படியே நிற்பது 100க்கு 52 பேருக்குத்தான். பிறவி இயல்பு என்று சொல்லப்படுவது சில வாரங்களுக்குள் பாதிப் பேருக்கு மாறுமானால் அளவுகோலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு வருகிற மறுப்புகளில் மிகவும் வலுவானது, ‘என்னைப் பற்றி அப்படியே எழுதியிருக்கிறதே’ என்பது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. படிக்கும்போது அவருக்கு உண்மையாகவே மெய்சிலிர்க்கிறது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948இல் செய்த சோதனை இந்த இடத்தில்தான் உதவுகிறது. தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, ஒவ்வொருவர் பெயரும் போட்டு, அவரவருக்கென்று தயாரித்ததுபோல ஒரு குறிப்பைக் கொடுத்தார். இது உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது, 5க்கு எத்தனை போடுவீர்கள் என்று கேட்டார். சராசரி 4.26. பிறகுதான் உண்மையைச் சொன்னார்: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு, கடையில் விற்கிற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள். சில வேளை கலகலப்பாக இருப்பீர்கள், சில வேளை ஒதுங்கிக்கொள்வீர்கள், வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே கவலை உண்டு, இப்படிப்பட்டவை. யாருக்குத்தான் இல்லை? எம்.பி.டி.ஐ. குறிப்பு முழுக்க இந்த ரகம் என்று சொன்னால் அது அநியாயம். அது நாம் சொன்ன பதில்களை வைத்து எழுதப்படுகிறது. ஆகையால் ஜோசியப் புத்தகத்தைவிட நெருக்கமாகவே இருக்கும். ஆனால் கூட்டம் பிடிக்காது என்று நாமே பத்து இடத்தில் குறித்துவிட்டு, ‘உங்களுக்குக் கூட்டம் பிடிக்காது’ என்று அது திருப்பிச் சொல்லும்போது அசந்துபோக அதில் ஒன்றும் இல்லை. பொருந்துகிறது என்ற உணர்வு ஒன்றை மட்டும் வைத்து ஒரு தேர்வு சரி என்று சொல்ல முடியாது. ஃபோரரின் மாணவர்களுக்கும் பொருந்தத்தான் செய்தது.

அப்படியானால் குணம் என்பதே அளக்க முடியாததா என்று மறுமுனையிலிருந்து கேட்பவர்கள் உண்டு. அதுவும் உண்மைக்குப் புறம்பு. மனிதரை மனிதர் எடைபோட்டே வாழ்ந்ததால் முக்கியமான குண வேறுபாடுகளுக்கெல்லாம் மொழியில் சொல் இருக்கும் என்ற எண்ணத்தில் பிரான்சிஸ் கால்டன் 1884இல் அகராதியைப் புரட்டினார். தமிழிலேயே பாருங்கள்: அழுத்தக்காரர், வெகுளி, முசுடு, சங்கோஜி, சிடுமூஞ்சி, கறார்ப்பேர்வழி, தொட்டாற்சுருங்கி. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் நம் கண்முன் ஓர் ஆள் வந்து நிற்கிறார். உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் ஓட்பர்ட்டும் 1936இல் ஆங்கில அகராதியிலிருந்து ஏறக்குறைய 18,000 சொற்களைத் திரட்டினார்கள். அவற்றைச் சலித்துச் சலித்து, எந்தச் சொல் எதனோடு சேர்ந்தே வருகிறது என்று கணக்கிட்டவர்களுக்கு மீண்டும் மீண்டும் ஐந்து திசைகள் கிடைத்தன: புறநாட்டம், இணக்கம், பொறுப்புணர்வு, மனக்கலக்கம், புதியதற்கு மனந்திறத்தல். ‘பிக் ஃபைவ்’ என்று இன்று சொல்வது இதைத்தான். இதில் பெட்டிகள் இல்லை. ஐந்து சரிவுகள், அவற்றில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்ற இடம். எம்.பி.டி.ஐ.யின் நான்கு அளவுகளும் இந்த ஐந்தில் நான்கோடு ஓரளவு ஒத்துப்போகின்றன என்றும் மெக்ரேயும் காஸ்டாவும் காட்டினார்கள். விடுபட்டது மனக்கலக்கம்: சட்டென்று பதறுவது, கவலையில் உழல்வது, சோர்ந்துபோவது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எல்லா வகையும் நல்ல வகையே என்பது இசபெலின் உறுதியான நம்பிக்கை. அந்த நல்ல மனத்தை மதிக்கிறேன். ஆனால் வாழ்க்கையில் ஒருவரை அதிகம் வருத்துகிற இயல்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத கோல், ஆளின் ஒரு பக்கத்தை இருட்டில் விட்டுவிடுகிறது.

ஐந்து சரிவுகளும் வேதவாக்கு இல்லை. பொலிவியக் காடுகளில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழும் சிமானே மக்களிடம் சோதித்த ஆய்வாளர்கள், அங்கே இந்த ஐந்து தெளிவாகக் கிடைக்கவில்லை என்று 2013இல் எழுதினார்கள். ஆனாலும் பொறுப்புணர்வு அதிகமுள்ளவர் சராசரியில் வேலையை நன்றாகச் செய்வார் என்பது பல ஆய்வுகளில் நிற்கிறது. சராசரியில் என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். உளவியலாளர் வால்டர் மிஷல் 1968இல் சுட்டிக்காட்டியபடி, குண மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட நேரத்து நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு 0.3ஐத் தாண்டுவது அரிது. நடத்தையில் காணும் வேறுபாட்டில் 100க்கு 9 பங்கைத்தான் அது விளக்கும். மீதியைச் சூழ்நிலை, உறவு, அன்றைய நாள் எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. வில்லியம் ஃப்ளீசன் 2001இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நாளுக்குப் பல முறை, இந்தச் சில மணி நேரத்தில் எவ்வளவு கலகலப்பாக இருந்தேன் என்று பதிந்துகொண்டே வந்தார்கள். ஒரே ஆள் ஒரே வாரத்தில் வாயே திறக்காத நிலையிலிருந்து வாய் ஓயாத நிலைவரை போய்வந்தார். ஆனால் அவருடைய வாரச் சராசரி அடுத்த வாரமும் ஏறத்தாழ அதேதான். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த ஆள். நாலெழுத்தில் இதில் எதுவும் அடங்காது.

சரி, வேடிக்கைக்குத்தானே, பேச்சைத் தொடங்க ஒரு சாக்குத்தானே என்கிறார்கள். இதில் பாதியை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விருந்தினர் போன பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் மனைவிக்குத் தன்மேல் கோபம் என்று எண்ணியிருந்த கணவர், ‘அவளுக்கு அது இளைப்பாறல்’ என்று இந்தத் தேர்வின் வழியாகப் புரிந்துகொண்டால் அது நன்மைதான். என் இயல்பு வேறு, அவர் இயல்பு வேறு, இரண்டும் தப்பில்லை என்ற எண்ணத்தை இது பல வீடுகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. மற்றப் பாதியில்தான் தகராறு. 19 வயதில் ‘நான் இன்ட்ரோவெர்ட், மேடையெல்லாம் எனக்கு ஒத்துவராது’ என்று முடிவுகட்டிக்கொள்ளும் பிள்ளை, கூச்சம் பழக்கத்தால் குறையக்கூடியது என்பதைப் பார்க்காமலே போகலாம். இருபதுகளிலிருந்து நாற்பதுகளுக்குள் சராசரி மனிதருக்குப் பொறுப்புணர்வு கூடுகிறது, மனக்கலக்கம் குறைகிறது என்று நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. வளர்கிற பிள்ளைக்கு வளராத சட்டையைத் தைத்துப் போடக் கூடாது.

அந்த முத்திரை மேலதிகாரி கைக்குப் போகும்போது தீங்கு இன்னும் கூடுகிறது. இந்தத் தேர்வை வெளியிடும் நிறுவனமே, ஆட்களைத் தேர்ந்தெடுக்கவோ கழிக்கவோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1991இல், தொழில் வழிகாட்டலுக்கு இதைப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னது. போதாததற்கு, விடைகளை எழுதுபவர் விண்ணப்பதாரர். எந்த விடை வேலை வாங்கித் தரும் என்று அவருக்குத் தெரியும். விற்பனைப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிற யாரும் ‘புதியவர்களிடம் பேசத் தயங்குவேன்’ என்று குறிக்கப்போவதில்லை. மனசாட்சிப்படி உண்மையை எழுதியவர்தான் கழிக்கப்படுவார். அந்த வேலைக்கு அவரே பொருத்தமானவராகவும் இருந்திருக்கலாம். ஒருவருக்கு வேலை தெரியுமா என்று அறிய, அந்த வேலையிலிருந்தே ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்பே வகுத்த அளவுப்படி மதிப்பெண் போடலாம். இவை நாலெழுத்தைவிட நம்பத்தகுந்தவை. ஆனால் நம் ஊர் நேர்முகத் தேர்வுகள் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றுதான் தொடங்குகின்றன. அந்த அறைக்குள் அடுத்த வாரம் போவோம்.