ஒரு யூனிட் விலை 233 ரூபாய்!

குட்டீஸ், ஒரு யூனிட் கரன்ட்டுக்கு 233 ரூபாய் என்றால் நம்புவீர்களா? கதை இல்லை, கணக்கு!

நாமக்கல் மாவட்டம் நாமகிரிப்பேட்டைக்குப் போவோம். நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் ஊர். மஞ்சளுக்கும் பெயர் பெற்ற ஊர். மஞ்சள் கிழங்கை நட்டால் அறுவடைக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும். அதற்குப் பிறகு வேக வைத்து, காய வைத்து, மெருகேற்றி, கூட்டுறவு ஏலத்துக்குக் கொண்டு போக வேண்டும். ஆக, ஒரு மஞ்சள் விவசாயி வீட்டுக்குப் பெரிய பணம் வருவது வருஷத்துக்கு ஒரு தடவை.

ஆனால், கரன்ட் பில் அதற்காகக் காத்திருக்குமா? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பது தமிழ்நாடு மின்வாரியத்தின் வழக்கம். வருஷத்துக்கு ஆறு பில்! இது போதாதென்று பேரூராட்சிக்கு வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் வேறு. கெடு தேதிக்குள் பில் கட்டாவிட்டால் பியூசைப் பிடுங்கி விடுவார்கள். பரீட்சை நேரத்தில் அப்படி ஆனால்?

இப்போது அந்த 233 ரூபாய்க்கு வருவோம். 2022 செப்டம்பரில் அறிவித்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்குத் தலா 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50 ரூபாய். 401 முதல் 500 வரை 6 ரூபாய். கூட்டிப் பாருங்கள். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் வரும்.

501 யூனிட் ஆகிவிட்டால்? அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய்தானே என்று நினைப்போம். அங்கேதான் வினை! 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 2.25 ரூபாய்ச் சலுகை கிடையாது. 101-லிருந்தே 4.50 ரூபாய். மொத்தம் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டால் 233 ரூபாய் கூடிவிட்டது! 2024 ஜூலையில் கட்டணம் சற்று ஏறியபோதும், 500-ஐத் தாண்டினால் இந்தக் கதைதான். பெரியவர்கள் பலருக்கே இது தெரியாது. 'போன தடவை இவ்வளவு வரலையே' என்று மீட்டர் மேல் சந்தேகப்படுவார்கள், பாவம்!

அதனால் கரன்ட்டுக்கு பட்ஜெட் போடும்போது ரூபாயை மட்டும் எண்ணினால் போதாது. யூனிட்டையும் எண்ண வேண்டும். 500-ஐ 60 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டும் கொஞ்சமும். வாரத்துக்கு 56 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு யூனிட் என்றால் 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடுவது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்தில் அதைத் தின்றுவிடும். 2,000 வாட் வாட்டர் ஹீட்டருக்கு அரை மணியே போதும். 75 வாட் ஃபேன் 13 மணி நேரம் சுற்றும். 9 வாட் எல்.இ.டி. பல்பு? 111 மணி நேரம்! சமையலறை பல்பை அணைக்கவில்லை என்று அம்மாவிடம் சண்டை போடுவதை விட, ஹீட்டரை அணைத்தோமா என்று பார்ப்பது லாபம்.

சரி, பணத்துக்கு என்ன செய்வது? பில்லுக்கு 1,725 ரூபாய் என்றால் ஆறு பில்லுக்கு 10,350 ரூபாய். மஞ்சள் விற்ற கையோடு அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால் ஐப்பசி மழையில் கடன் கேட்டு அலைய வேண்டாம். மின்வாரியத்திலேயே முன்பணமாகக் கட்டி வைக்கவும் வழி உண்டு. மாதச் சம்பளக்காரர் வீடானால் மாதத்துக்குப் பாதியாக ஒதுக்கினால் சரியாக இருக்கும்.

யூனிட் கணக்குக்கு நீங்கள்தான் பொறுப்பு! கடைசியாக எடுத்த ரீடிங், மின்கட்டண அட்டையிலோ அப்பாவின் செல்போனுக்கு வந்த குறுஞ்செய்தியிலோ இருக்கும். அதைக் காலண்டரில் எழுதுங்கள். ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து (பார்த்தால் போதும், தொடக் கூடாது!) எண்ணைப் பக்கத்திலேயே குறியுங்கள். நான்காவது வாரம் 224-ஐத் தாண்டியிருந்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள். இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது.