உயிரைப் பறிக்கும் மரபணு நிலைத்திருப்பது ஏன்?

குழந்தைகளின் உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு மரபணு, இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டின்படி காலப்போக்கில் அருகிப்போயிருக்க வேண்டும். ஆனால் அரிவாள் செல் சோகை என்ற இரத்த நோய்க்குக் காரணமான மரபணு, ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இன்றும் பரவலாகக் காணப்படுகிறது. பரிணாமம் இயங்கும் விதத்தை இந்த முரண்பாடு தெளிவாக விளக்குகிறது.

சார்ல்ஸ் டார்வினும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் 1858ஆம் ஆண்டு முன்வைத்த இக்கோட்பாட்டின் அடிப்படைகள் மூன்று. ஓர் இனத்தைச் சேர்ந்த உயிர்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றிடையேயுள்ள வேறுபாடுகளில் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றன. தாம் வாழும் சூழலுக்குப் பொருத்தமான வேறுபாட்டைக் கொண்டவை கூடுதலாகப் பிழைத்து, கூடுதலான சந்ததியை விட்டுச்செல்கின்றன. இது பல தலைமுறைகள் தொடரும்போது அந்த இனமே மாற்றமடைகிறது.

மலேரியாவின் பங்கு

அரிவாள் செல் மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தையின் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து, இரத்த ஓட்டத்தைத் தடுக்கின்றன. கடும் வலியும் சோகையும் ஏற்படுகின்றன. சிகிச்சை கிட்டாத இடங்களில் பல குழந்தைகள் இளம் வயதிலேயே இறந்துவிடுகின்றனர். ஒருவரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெறுபவர்களோ பெரும்பாலும் நலமாகவே வாழ்கின்றனர்.

கென்யாவில் வளர்ந்த மருத்துவர் ஆண்டனி அலிசன், அந்நாட்டின் கடற்கரையிலும் விக்டோரியா ஏரிப் பகுதியிலும் இம்மரபணு மிகுதியாகவும், குளிர்ந்த மலைப் பகுதிகளில் அரிதாகவும் இருப்பதைக் கண்டார். மலேரியா பரவியிருந்த பகுதிகளும் அவையே. ஒரு பிரதியை மட்டும் கொண்டவர்களின் சிவப்பணுக்களில் மலேரியாக் கிருமி எளிதில் பெருக முடிவதில்லை என்பதால் அவர்கள் கடும் மலேரியாவிலிருந்து தப்புகின்றனர் என்ற விளக்கத்தை அவர் 1954ஆம் ஆண்டு வெளியிட்டார்.

ஆக, இரு பிரதிகளைப் பெற்றவர்கள் சோகையாலும், ஒன்றும் பெறாதவர்கள் மலேரியாவாலும் இறக்க, இடைப்பட்டவர்களே கூடுதலாகப் பிழைத்தனர். மரபணுவும் அவர்கள் வழியே நிலைத்தது.

சூழல் மாறினால்

மலேரியாவைச் சமாளிப்பதற்காக இம்மரபணு உருவானதாகக் கருதுவது தவறு. மாற்றம் தற்செயலாகத் தோன்றியது. அதைத் தக்கவைத்தது சூழல். அடிமைகளாக அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் மலேரியா ஒழிக்கப்பட்ட நாட்டில் வாழ்கின்றனர். அங்கே பாதுகாப்புக்குத் தேவையில்லை. நோய் மட்டுமே எஞ்சியுள்ளது. வலிமையானது வெல்லும் என்பதல்ல, அந்தந்தச் சூழலுக்குப் பொருந்துவது நிலைக்கும் என்பதே இயற்கைத் தேர்வு.

இந்தியாவிலும் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இம்மரபணு இருப்பது 1952ஆம் ஆண்டு அறியப்பட்டது. இதனைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எளிய இரத்தப் பரிசோதனை மூலம் இதை முன்கூட்டியே அறியலாம். மரபணுவைத் திருத்தியமைக்கும் சிகிச்சைக்கு பிரிட்டன் 2023ஆம் ஆண்டு அனுமதி வழங்கியது. ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோர் வாழும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு அதன் செலவு எட்டாத ஒன்றாகவே உள்ளது.