சாக்கடை நீர் தூய்மையாவது எவ்வாறு?

குளியலறையிலும் சமையலறையிலும் மலசலகூடத்திலுமிருந்து வெளியேறும் கழிவுநீரை ஆயிரம் பங்காகப் பிரித்தால், அதில் அழுக்கு ஏறத்தாழ ஒரு பங்கே; எஞ்சிய 999 பங்கும் வெறும் நீர்தான். இத்துணைச் சிறிய அழுக்கை அகற்றவா பெருநகரங்கள் கோடிக்கணக்கிற் பணம் செலவிடுகின்றன என்று இதைக் கேட்போர் வியக்கக்கூடும். ஆனால், அந்த ஒரு பங்கே ஓர் ஆற்றைக் கொல்லப் போதுமானது. அது கொல்லும் விதமும் பலர் எண்ணுவது போன்றதன்று. வீட்டுக் கழிவுநீர் கலந்த ஆற்றில் மீன்கள் மாள்வது பெரும்பாலும் நஞ்சினாலன்று, மூச்சுத் திணறலினாலேயாகும்.

நீர்வாழ் உயிர்கள் நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவையே சுவாசிக்கின்றன. 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவையே தாங்கும். இலங்கை போன்ற வெப்பநாடுகளில் அது ஏழரை அளவுக்குக் குறைந்துவிடும். ஒரு லீற்றர் வீட்டுக் கழிவுநீரிலுள்ள அழுக்கைப் பற்றீரியாக்கள் ஐந்து நாட்கள் உண்ணும்போது செலவாகும் பிராணவாயுவோ 200 முதல் 300 மில்லிகிராம் வரை. வரவு ஒன்பது, செலவு இருநூறு! கழிவுநீர் விஞ்ஞானம் முழுவதும் இந்தக் கணக்கின் மீதே எழுந்தது.

இக்கணக்கை அறியாத காலத்தில், சாக்கடையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டாற் போதும் என்றே நகரத்தார் எண்ணினர். 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காது, இலண்டன் பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டுக் கரைசலிலே தோய்த்துத் தொங்கவிட்டனர். பின்னர் யோசெப் பசல்கெற் என்ற பொறியியலாளர் பெரும் நிலக்கீழ் வாய்க்கால்களை அமைத்து, நகரின் கழிவைக் கிழக்கே நதியின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுசென்று விடச் செய்தார். நகரம் பிழைத்தது, நதி பிழைக்கவில்லை. 1878ஆம் ஆண்டில் 'பிரின்சஸ் அலிஸ்' என்ற உல்லாசக் கப்பல் அந்த வாய்க்கால்களின் முகத்துக்கு அண்மையில் மூழ்கி 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் வீழ்ந்தது, சற்று முன்னரே திறந்துவிடப்பட்டிருந்த சாக்கடை நீரில்.

இன்றைய சுத்திகரிப்பு நிலையத்தின் முதற்படிகள் எளியவை. இரும்புக் கம்பித் தடுப்பிலே துணியும் குச்சியும் சிக்கிக்கொள்கின்றன. அடுத்த வாய்க்காலில் நீர் விநாடிக்கு ஓரடி வேகத்தில் ஓடுமாறு அமைக்கப்படுகிறது. அந்த வேகத்தில் மணல் அடியிற் படியும், இலேசான அழுக்கு மிதந்து செல்லும். பின்பு பெரிய தொட்டியொன்றில் நீர் இரண்டு மணிநேரமளவு அசையாதது போல் மெதுவாக நகரும்போது, மிதக்கும் துகள்களிற் பாதிக்கு மேல் கீழே தங்கிவிடுகின்றன. ஆயினும் பிராணவாயுச் செலவிற் குறைவது மூன்றில் ஒரு பங்களவே. கரைந்துள்ள அழுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படியாது. அதனை உயிர்கள்தாம் உண்டு தீர்க்க வேண்டும்.

அவ்வுயிர்களுக்கு வீடமைத்துக் கொடுப்பதே இரண்டாம் கட்டம். பழைய முறையில், ஆறடி ஆழத்துக்குக் கருங்கற்களை அடுக்கி, அவற்றின் மேல் கழிவுநீரைச் சுழலும் குழாய்களாற் சொரிவர். சில வாரங்களிற் கற்களின்மேல் வழுவழுப்பான படலமொன்று வளரும். அது முழுவதும் பற்றீரியாக்கள். அவற்றை மேய்வதற்குப் புழுக்களும் பூச்சிகளும் வந்து சேரும். கல் இடுக்குகளிலே காற்று உலவ, வழிந்தோடும் நீரிலிருந்து படலம் தன் உணவை எடுத்துக்கொள்ளும். இதனை வடிகட்டி என்று அழைப்பது வழக்கமாயினும், பெயர் பொருந்தாது. இங்கே எதுவும் வடிகட்டப்படவில்லை, உண்ணப்படுகிறது.

கல்லே இல்லாமல் இதனைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடை கண்டது மான்செஸ்ரர் நகரம். கழிவுநீருக்குட் காற்றை ஊதும் சோதனைகள் முன்னரும் நடந்தவையே, பலன் சொற்பம். 1912ஆம் ஆண்டில் கில்பேட் பவுலர் என்ற இரசாயன அறிஞர் அமெரிக்காவிலுள்ள லோறன்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் அத்தகைய சோதனைகளைக் கண்டு திரும்பி, ஆடேண், லொக்கற் என்ற இருவரிடம் அவற்றைத் தொடருமாறு கூறினார். அவர்கள் கழிவுநீரைப் போத்தல்களில் இட்டுக் காற்றை ஊதினர். நீர் முற்றாகத் தூய்மையாக ஐந்து வாரம் சென்றது. எந்த நகரமும் தன் சாக்கடையை ஐந்து வாரம் தேக்கி வைத்திருக்க முடியாது.

அவர்கள் அடுத்துச் செய்ததே பெரிய காரியம். தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியிற் படிந்த சேற்றைக் கொட்டாது வைத்துக்கொண்டு, அதன்மேற் புதிய கழிவுநீரை ஊற்றினர். இம்முறை தூய்மையாவதற்குச் சென்ற காலம் குறைந்தது. மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்ய, ஐந்து வாரம் ஒரு நாளுக்குள் அடங்கிற்று. அதுகாறும் குப்பையென எறியப்பட்ட சேறே வேலையாட்களின் கூட்டம் என்பது அப்போது விளங்கியது. தயிருக்கு உறைமோர் வைப்பது போன்ற இச்செயலை அவர்கள் 1914ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆந் திகதி மான்செஸ்ரர் இரசாயனவியலாளர் கூட்டமொன்றில் அறிவித்தனர். இன்று உலகின் பெருநகரங்களிற் பெரும்பாலானவை கைக்கொள்வது இம்முறையின் வழிவந்தவற்றையே. வழக்கமான தொட்டிகளில் நான்கு முதல் எட்டு மணிநேரம் காற்று ஊதப்படுகிறது. படிந்த சேற்றின் ஒரு பகுதி மீண்டும் தொட்டித் தலைப்புக்கே அனுப்பப்படுகிறது. பவுலர் 1916ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, இத்துறை ஆராய்ச்சியை இந்தியாவிலும் தொடக்கினார்.

காற்றை ஊதுவதற்கு மின்சாரம் வேண்டும். நிலையமொன்றின் மின்செலவிற் பாதியளவு இதற்கே போய்விடும். வெயிலும் வெற்று நிலமும் உள்ள இடத்தில் இச்செலவை ஒழிக்கலாம். நாலைந்தடி ஆழமுள்ள குளங்களிற் கழிவுநீரைப் பல நாட்கள் தேக்கினால், பச்சைப்பாசி சூரிய ஒளியிற் பிராணவாயுவை உண்டாக்கிப் பற்றீரியாக்களுக்கு வழங்கும். கரைகளிற் களை மண்டவிட்டால் நுளம்பு பெருகும் என்பதே இதன் தொல்லை.

எம்முறையிலும் இறுதியிற் சேறு மிஞ்சும். இலண்டன் மாநகரம் அதனை 1887ஆம் ஆண்டு முதல் கப்பல்களில் ஏற்றிக் கடலிற் கொட்டி வந்தது. அவ்வழக்கம் 1998ஆம் ஆண்டிலேயே ஒழிந்தது. காற்றுப் புகாத தொட்டியிற் சேற்றை 35 பாகை வெப்பத்தில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்தால், வேறுவகைப் பற்றீரியாக்கள் அதனைச் செரித்து மெதேன் வாயுவை வெளியிடும். இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவ்வாயுவைக் கொண்டு விளக்கெரித்தனர்.

இவ்வளவுக்குப் பின்னரும் நீர் குடிக்கத் தக்கதன்று. நோய்க்கிருமிகள் எஞ்சியிருக்கும்; அவற்றைக் குளோரீனாலோ புறவூதாக் கதிர்களாலோ அழிப்பர். கண்ணுக்கும் மூக்குக்கும் புலனாகாத இன்னொன்றும் உண்டு. சிறுநீரின் அமோனியா, காற்றுள்ள இடத்திற் பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறிக் கரைந்து நிற்கும். புதிய நிலையங்களில் இதற்கெனக் காற்று ஊதாத தொட்டியொன்று வைக்கின்றனர். மூச்சுக்கு வழியற்ற பற்றீரியாக்கள் நைத்திரேற்றிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொள்ள, எஞ்சிய நைதரசன் குமிழியாக மேலெழுந்து காற்றோடு கலந்துவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இப்படி மிக முக்கியமானது. அங்கே வற்றாத ஆறு இல்லை. மக்கள் நம்பியிருப்பது சுண்ணாம்புக் கற்பாறையுள் தங்கும் நிலத்தடி நீரையே. மலசலகூடக் குழியின் சேறு குழியிலேயே தங்குகிறது. கசியும் நீரோ பாறை வெடிப்புக்களினூடே விரைந்து இறங்குகிறது. மண் தங்கி நின்று வேலை செய்யும் அவகாசம் அதற்கில்லை. குழிகளின் கசிவோடு தோட்டங்களுக்கு இடும் உரமும் சேர, குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாற்பொடியை அந்நீரிற் கரைத்துக் கொடுத்தால், பச்சிளங் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கவும் கூடும். இங்கே கொதிக்கவைத்தல் உதவாது. கிருமிகள் சாகும், நைத்திரேற்று அழியாது. நீர் ஆவியாகிக் குறைவதனால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.