கொட்டகையில் ஒரு கொலுப்படி

தில்லியில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில், ஆவணி மாதம் முடியுந் தறுவாயில் ஒரு கேள்வி எழுவதுண்டு: இவ்வாண்டு கொலுவுக்குப் படி அமைப்பது எவ்வாறு? ஊரிலாயின் பரணிலிருந்து பழைய படிகளை இறக்கினால் போதும். இங்கோ டிரங்குப் பெட்டிகளையும் புத்தகக் கட்டுகளையும் அடுக்கி, அவற்றின்மேல் வெள்ளை வேட்டியை விரித்து ஒப்பேற்றுகிறோம். என் இல்லத்திலும் பல்லாண்டுகள் அவ்வாறே நடந்தது. பின்னர் ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். அது நின்ற தரைத்தளக் கொட்டகை காலியாயிற்று. ஒரு மேசை, ஓர் இழைப்புளி, இரண்டு உளிகள், ஒரு கைவாள், ஒரு மூலைமட்டம் ஆகியவற்றுடன் ஞாயிற்றுக்கிழமைத் தச்சனானேன்.

முதலில் செய்தது ஐந்து படிக் கொலு. மழைக்காலத்தின் நடுவில் கீர்த்தி நகர் மரச்சந்தையில் தேக்குப் பலகைகள் வாங்கி, மறுநாளே இழைத்து, முன்புறமும் பின்புறமும் இறுக ஆணி அறைந்தேன். நவராத்திரிக்கு வந்தவர் அனைவரும் மெச்சினர். மறு ஆண்டு உறையை நீக்கிப் பார்த்தபோது மூன்று படிகள் நெடுகிலும் வெடித்திருந்தன. நான்காவது படி தாம்பாளம்போல் குழிந்திருந்தது. அதன்மேல் வைத்த தசாவதாரப் பொம்மைகளுள் வாமனர் தள்ளாடி விழுந்தார், குடை முறிந்தது. அது என் தாயார் திருமணச் சீராகக் கொண்டுவந்த செட்டு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடைத் துண்டைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மரம் சரியில்லை என்றே முதலில் எண்ணினேன். வணிகரைக் குறைகூறவும் செய்தேன். உண்மையில் குறை முழுவதும் ஆணி அறைந்தவனுடையதே.

வெட்டிய மரத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்கியிருக்கிறது. நுண்ணறைகளின் உள்ளே நிற்கும் நீர் ஒன்று. அவ்வறைகளின் சுவர்களில் ஊறிய நீர் மற்றொன்று. முதலாவது வெளியேறும்போது மரத்தின் எடை குறையுமேயன்றி அளவு மாறாது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவிகிதத்துக்குக் கீழே ஈரம் இறங்கிய பின்னரே சுவர்கள் உலரத் தொடங்குகின்றன. மரமும் சுருங்கத் தொடங்குகிறது. அதன்பின் அது ஓய்வதேயில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் உறிஞ்சிப் பருக்கும். வறண்டால் விட்டுச் சுருங்கும். அறுத்து நூறாண்டு ஆன கதவும் இவ்விதிக்கு விலக்கன்று.

இம்மாற்றம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதே தச்சுக்கலையின் உயிர்நாடி. இழையின் நீளவாக்கில் மரம் கண்ணுக்குத் தெரியுமளவு சுருங்குவதில்லை. அகலவாக்கில்தான் சுருங்குகிறது, அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கிலே சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையிற் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. பலகையின் முனையை உற்று நோக்குங்கள். வளையங்கள் நின்றவாறு தோன்றினால் அப்பலகை அடக்கமானது. படுத்த வில்போல் தோன்றினால், உலரும்போது அவ்வில் நிமிர முயலும், பட்டைப்பக்கம் குழியும். என் நான்காவது படி தாம்பாளமானது இதனாலேதான்.

இனித் தில்லியின் பருவத்தை நோக்குவோம். மே மாதப் பிற்பகலில் அனற்காற்று வீசும்போது காற்றின் ஈரப்பதம் 25 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆகஸ்டு மாதத்திலோ 70-க்கு மேல் ஏறி நிற்கும். மரம் உடனுக்குடன் காற்றைப் பின்தொடர்வதில்லை. வாரக்கணக்கில் தாமதித்தே அசையும். ஆயினும், கோடைக்கும் மழைக்கும் இடையே பலகையின் ஈரம் 6 சதவிகிதம் மாறுவது இங்கு வியப்பன்று. வளையங்கள் படுத்த வகையில் அறுத்த பத்தங்குல அகலத் தேக்குப் பலகை, அந்த 6 சதவிகித மாற்றத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் சுருங்கும். தேக்கோ அசைவு குறைந்த மரம் எனப் பெயர் பெற்றது! நான் மழைக்காலத்திற் பருத்திருந்த பலகையின் இரு விளிம்புகளையும் ஆணியாற் கட்டிவிட்டேன். கோடையில் அது சுருங்க முயன்றது, ஆணிகள் விடவில்லை, நடுவில் வெடித்தது.

சென்னைக் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் உண்டு. ஆதலால், அங்கே பிறந்து வளர்ந்த பெட்டியும் பீரோவும் வடக்கே வந்த முதற்கோடையில் நள்ளிரவில் ‘படார்’ என்று ஒலியெழுப்புவதை நம்மவர் பலர் கேட்டிருப்பர். நம் ஊர்த் தச்சர்கள் இதனை ஏட்டிற் படித்து அறியவில்லை. எனினும் அவர்கள் செய்த சட்டக் கதவைப் பாருங்கள். நான்கு சட்டங்களிலும் காடி எடுத்து, நடுப்பலகையை அதற்குள் செருகி, பசையும் ஆணியும் இடாமல் விட்டிருப்பர். பலகை காடிக்குள்ளேயே பருத்தும் சுருங்கியும் விளையாடும். கதவின் அளவு மாறாது.

இரண்டாம் முறை நான் அவசரப்படவில்லை. பலகைகளை வாங்கி வந்து, இடையிடையே மெல்லிய குச்சிகள் வைத்து, காற்று நுழையுமாறு கொட்டகையில் அடுக்கினேன். ஈரம் அளக்கும் கருவி என்னிடம் இல்லை. ஒரு துண்டை அறுத்து வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வந்தேன். எடை மாறுவது நின்ற பின்னரே இழைப்புளியைத் தொட்டேன். 1906-ஆம் ஆண்டில் தேராதூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டு மரங்களை உலர்த்தும் முறைகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர். வீட்டுத் தச்சனுக்குத் தராசும் பொறுமையுமே போதும்.

படியமைப்பு எளிது. இரு பக்கங்களிலும் படிவடிவான சட்டகம், அதன் ஒவ்வொரு தட்டிலும் முன்பின்னாகச் செல்லும் ஒரு தாங்குகட்டை, அதன்மேல் பலகை. இரண்டங்குலக் கட்டைகளைக் கழுந்தும் துளையுமாகப் பொருத்திப் பசையிடலாம். அவ்வளவு குறுகிய மரத்தின் அசைவு மிகச் சிறியது. இரண்டு குறுகிய பலகைகளை விளிம்போடு விளிம்பாக ஒட்டி அகலமாக்கவும் அஞ்சவேண்டா. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து அசையும். கவனம் வேண்டியது பலகையைத் தாங்குகட்டையில் பிணிக்கும் இடத்தில்தான். பலகையின் முன் விளிம்பை அடியிலிருந்து திருகாணியால் இறுக்குக. பின்புறம், தாங்குகட்டையில் அடுத்தடுத்து இரண்டு துளையிட்டு, இடையிலுள்ள மரத்தை உளியால் நீக்கி, முன்பின்னாக நீண்ட துளையாக்குக. அதன் வழியே திருகாணியை ஒரு வாஷருடன் செலுத்தி, பலகை நகருமளவுக்கே முடுக்குக. நவராத்திரி முடிந்ததும் திருகாணிகளைக் கழற்றினால் முழுப்படியும் கட்டிலின் கீழ் அடங்கிவிடும்.

வார்னிஷ் பூசினால் மரம் அசையாது என்பார் உளர். அது ஈரத்தின் போக்குவரத்தைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. பூசுவதாயின் மேலும் கீழும் ஒப்பப் பூசுக. ஒருபுறம் வெறுமையாக விட்டால் அப்புறமே விரைந்து அசைந்து பலகை வளையும். இத்தனை தொல்லை எதற்கு, ஒட்டுப்பலகை போதாதா என்று கேட்பவருக்கு, போதும் என்றே சொல்வேன். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது அசைவதில்லை. ஆனால் இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாகத் தேக்கின் மணத்துடன் சீவல் எழும் இன்பம் அதில் இல்லை.

கொட்டகை சிறியது என்பதை மறக்கலாகாது. கடின மரத்தூள் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியது. உப்புத்தாள் தேய்க்கும்போது கதவைத் திறந்து வையுங்கள். மூக்கையும் வாயையும் நன்கு மூடும் முகமூடி அணியுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவது அதனினும் கொடிது. அவ்வெண்ணெய் உலரும்போது வெப்பம் பிறக்கும்; சுருட்டிய துணியில் அவ்வெப்பம் தங்கித் தானே தீப்பற்றும். பக்கத்தில் பெட்ரோல் நிரம்பிய வண்டி நிற்குமாயின் விளைவைச் சொல்லவேண்டுவதில்லை. துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. அங்கே கறையானும் பூஞ்சையுமே கவலை. நாகபுரியிலும் ஜயப்பூரிலும் இருப்போர் தில்லிக்காரரைப் போலவே நீண்ட துளையிடுவது நலம்.

புதிய படிகளுள் ஒன்றை ஆண்டு முழுவதும் கொட்டகையிலேயே பூட்டி வைத்திருந்தேன். மே மாத இறுதியில், பலகையின் பின்விளிம்பு நின்ற இடத்தைத் தாங்குகட்டையின்மேல் பென்சிலாற் குறித்தேன். ஆகஸ்டில் மீண்டும் ஒரு கோடு போட்டேன். இரண்டுக்கும் இடையே ஓர் அரிசிமணியின் அகலம் இருந்தது. தாயார் குனிந்து அதனைப் பார்த்தார். பிறகு உள்ளே சென்று, குடையை ஒட்டிய வாமனரை எடுத்துவந்து அந்தப் படியிலேயே வைத்தார்.