கேள்வி விவசாயியுடையது... கணக்கு மாணவர்களுடையது!

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பது வேங்கிக்காலில். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்காகச் செங்கம், போளூர், சேத்துப்பட்டு, வந்தவாசி என்று மாவட்டத்தின் நாலா பக்கமிருந்தும் மனுவோடு இங்கேதான் வருகிறார்கள். ஏரி வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடக்கிறது, மணிலாவுக்குக் கட்டுப்படியான விலை இல்லை, பயிர்க் காப்பீட்டுப் பணம் பக்கத்து ஊருக்கு வந்தது எங்களுக்கு வரவில்லை... இப்படி நீளும் கேள்விகளில் பலவற்றுக்கு, விடையின் ஒரு பகுதி ஏற்கெனவே அரசு இணையதளங்களில் எண்களாகக் கிடக்கிறது. அந்த எண்களை எடுத்துக் கூட்டிக் கழித்து, விவசாயிக்குப் புரிகிற மாதிரி கையில் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அந்த வேலையைக் கல்லூரி மாணவர்களிடம் ஒப்படைக்கும் ஒரு வழிதான் ‘ஹேக்கத்தான்’.

திருட்டு அல்ல, திருவிழா!

‘ஹேக்’ என்றதும் வங்கிக் கணக்கில் பணம் திருடும் கும்பல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இது வேறு. மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரே இடத்தில் கூடி, ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் அதற்குத் தீர்வு காண்பதற்குத்தான் இந்தப் பெயர். 1999-ம் ஆண்டு கனடாவின் கல்காரி நகரில், ‘ஓபன்பிஎஸ்டி’ என்ற இலவச மென்பொருளை உருவாக்கும் குழுவினர் இப்படிக் கூடியபோது இந்தப் பெயரைப் பயன்படுத்தினார்கள்.

இந்தியாவில் 2017-ம் ஆண்டு மத்திய அரசு ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ போட்டியைத் தொடங்கியது. அரசுத் துறைகள் தங்கள் சிக்கல்களைப் பட்டியலிட்டுக் கொடுக்க, நாடு முழுவதும் உள்ள கல்லூரி மாணவர்கள் தீர்வு தேடினார்கள். மென்பொருள் பிரிவின் இறுதிச்சுற்று, தொடர்ந்து 36 மணி நேரம் நடக்கும். தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு மார்ச் 1-ம் தேதி தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ், ‘நிரல் திருவிழா’ என்ற பெயரில் மாணவர்களுக்கான ஹேக்கத்தான் நடக்கிறது.

இந்தப் போட்டிகளில் விவசாயமும் ஒரு தலைப்பாக இடம்பெறுவது உண்டு. ஆனால், கேள்வியை எழுதுகிறவர் பெரும்பாலும் விவசாயியாக இருப்பதில்லை. அதனால்தான், பரிசு வாங்கிய பல செயலிகள் மேடையோடு நின்றுவிடுகின்றன.

யாரிடமும் கேட்காமல் எடுக்கலாம்!

மாணவர்களுக்கு விவரங்கள் எங்கிருந்து கிடைக்கும்? 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 4-ம் பிரிவு, யாரும் மனு போடுவதற்கு முன்பே அரசு அலுவலகங்கள் தாமாக முன்வந்து விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. 2012-ம் ஆண்டு மத்திய அரசு, அரசிடம் உள்ள தரவுகளைப் பொதுமக்களோடு பகிர்வதற்கென்று தேசியக் கொள்கையை அறிவித்தது. அதே ஆண்டில், அவற்றை ஒரே இடத்தில் வைக்க இணையதளமும் தொடங்கப்பட்டது. இப்படி யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்படும் விவரங்களுக்குத்தான் ‘திறந்தநிலைத் தரவு’ என்று பெயர்.

மழை அளவை இந்திய வானிலை ஆய்வுத்துறை ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்குக் கணக்கெடுக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலைகள், 2000-ம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘அக்மார்க்நெட்’ தளத்தில் பதிவாகின்றன. நிலத்தடி நீர்மட்டத்தை மத்திய நிலத்தடி நீர் வாரியம் வெளியிடுகிறது.

வானத்திலிருந்து வரும் விவரமும் உண்டு. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ‘சென்டினல்-2’ செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் இலவசம். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். ஆக, ஒரு ஏக்கர் நிலம் 40 புள்ளிகளாகத் தெரியும். உங்கள் ஊர் ஏரியில் போன தை மாதம் எத்தனை ஏக்கரில் தண்ணீர் நின்றது, இந்தத் தை மாதம் எத்தனை ஏக்கரில் நிற்கிறது என்று எண்ணிச் சொல்ல இது போதும். மேகம் மூடிய நாள்களில் மட்டும் படம் உதவாது.

மணிலா சொல்லும் பாடம்!

விவரம்தான் இருக்கிறதே, 36 மணி நேரத்தில் செயலி எழுதிவிடலாமே என்று தோன்றலாம். திருவண்ணாமலை மாவட்டத்தின் முக்கியப் பயிரான மணிலாவை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

முதலில் பெயர். புத்தகத்தில் ‘நிலக்கடலை’. இந்தப் பக்கத்தில் மணிலா, மல்லாட்டை. விலைப்பட்டியலிலோ ஆங்கிலப் பெயர். அதிலும் காய்க்கு ஒரு வரி, பருப்புக்கு ஒரு வரி. அடுத்து அளவு. இணையதளத்தில் குவிண்டால் கணக்கு. இங்கே பருப்புக்கு 80 கிலோ மூட்டைக் கணக்கு.

2025-26 காரீஃப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நிலக்கடலையின் குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். இது தோலோடு உள்ள காய்க்கு. 100 கிலோ காயை உடைத்தால் 70 கிலோ பருப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ பருப்புக்குச் சுமார் 104 ரூபாய் வருகிறது. 80 கிலோ மூட்டைக்குச் சுமார் 8,300 ரூபாய். உடைப்புக் கூலி தனி.

இந்தக் கணக்குத் தெரியாத மாணவர், 7,263 ரூபாயை அப்படியே 80 கிலோவுக்கு மாற்றினால் 5,810 ரூபாய் என்று வரும். அதைப் பருப்பு மூட்டையின் விலையாகச் செயலியில் காட்டினால், அதை நம்பும் விவசாயி ஒரு மூட்டைக்கே 2,490 ரூபாய் குறைத்து மதிப்பிடுவார். மென்பொருளில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால், விடை தவறு. களத்துமேட்டில் நின்று ஒரு விவசாயியிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய தவறு இது. அதற்கான அவகாசத்தை 36 மணி நேரப் போட்டி தருவதில்லை. சில வாரங்கள் நடக்கும் போட்டி தரும்.

சாத்தனூர் கேட்கும் கேள்வி!

விலையில் தவறினால் பணம் போகும். வெள்ளத்தில் தவறினால்?

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகு பெய்த மழையில், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் பதிவானது. ஊத்தங்கரைப் பக்கத்துத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் கலந்து சாத்தனூர் அணைக்குத்தான் வரவேண்டும். டிசம்பர் 2-ம் தேதி அதிகாலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரை ஊர்களும் வயல்களும் மூழ்கின.

119 அடி உயரமுள்ள சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. விநாடிக்கு 1,68,000 கன அடி என்றால், மணிக்கு 600 மில்லியன் கன அடிக்கும் மேல். நிரம்பிய அணை முழுவதும் சுமார் 12 மணி நேரத்தில் வெளியேறிவிடும் வேகம் அது.

ஊத்தங்கரையில் இத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தால், எத்தனை மணி நேரத்தில் சாத்தனூருக்கு நீர்வரத்து ஏறும்? சாத்தனூரில் இவ்வளவு திறந்தால், எந்த ஊர்க் கரையை எப்போது தொடும்? பழைய மழைப் பதிவுகளையும் அணை நீர்வரத்துப் பதிவுகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால், இதற்கு ஓரளவு விடை கிடைக்கும். மாட்டை அவிழ்க்கவும், மோட்டாரைக் கழற்றவும், களத்தில் கிடக்கும் நெல்லை ஏற்றவும் ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படுவது அந்தச் சில மணி நேரம்தான். மாணவர்களின் கணக்கு, அரசின் வெள்ள எச்சரிக்கைக்கு மாற்று ஆகாது. ஆனால், ‘1,68,000 கன அடி’ என்ற அறிவிப்புக்கு, ஆற்றங்கரையில் இருப்பவருக்கு என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

ஆறு வாரத்தில் நடத்தலாம்!

இப்படிப்பட்ட போட்டியை வேங்கிக்காலை மையமாக வைத்து நடத்தத் தேவையானவை பக்கத்திலேயே இருக்கின்றன. திருவண்ணாமலையிலும் செய்யாற்றிலும் அரசு கலைக் கல்லூரிகள், ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி, வாழவச்சனூரில் வேளாண்மைக் கல்லூரி, கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையம். கணினி படிக்கும் மாணவர் இருவர், வேளாண்மை படிக்கும் மாணவர் ஒருவர், புள்ளியியல் தெரிந்த ஒருவர் என்று நான்கு பேர் சேர்ந்தால் ஒரு குழு.

முதல் வாரம், கணினியைத் திறக்கவே கூடாது. ஊருக்குப் போய்க் கேள்விகளைச் சேகரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒரே கேள்வி போதும்.

இரண்டாம் வாரம், அந்தக் கேள்விக்கு எந்தத் துறையின் விவரம் தேவை, அது எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது, எந்த நாள்கள் விடுபட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். விவரமே கிடைக்காவிட்டால், கேள்வியை மாற்றிக்கொள்ள இதுதான் நேரம்.

மூன்றாம் வாரம், களை எடுப்பு. ஒரே ஊரின் பெயர் நான்கு விதமான ஆங்கில எழுத்தில் இருக்கும். மில்லிமீட்டரும் சென்டிமீட்டரும் கலந்திருக்கும். பதிவு செய்யாமல் விட்ட நாளுக்கும் மழையே பெய்யாத நாளுக்கும் ஒரே பூஜ்யம் போட்டிருக்கும். இந்தக் களையைப் பிடுங்காமல் மேலே போனால், விளைச்சல் பதராகத்தான் இருக்கும்.

நான்காம், ஐந்தாம் வாரங்களில் செயலியோ, குறுஞ்செய்தியோ, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் அட்டவணையோ தயாரிக்கலாம். பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் விடை போய்ச் சேர வேண்டும். தயாரித்ததைக் கேள்வி கேட்ட விவசாயியிடமே கொடுத்து, பக்கத்தில் நின்று விளக்காமல், அவராகப் பயன்படுத்துவதைப் பார்க்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே திருத்த வேண்டும்.

ஆறாம் வாரம், மதிப்பீடு. நடுவர்களில் பாதிப்பேர் விவசாயிகளாக இருந்தால்தான் இதில் அர்த்தம் உண்டு. ‘அழகாக இருக்கிறதா’ என்பதற்கு மதிப்பெண் குறைவு. ‘அடுத்த பட்டத்துக்கு இதைப் பயன்படுத்துவீர்களா’ என்பதற்கே அதிக மதிப்பெண்.

பரிசளிப்போடு முடியக் கூடாது!

இதுபோன்ற போட்டிகளின் பெரிய குறை, முடிந்த பிறகுதான் தெரியும். மாணவர் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விடுவார். செயலி, யாரும் நீர் பாய்ச்சாத நாற்றுபோலக் காய்ந்துவிடும். அதனால், யார் பொறுப்பேற்பார்கள் என்பதைப் போட்டி தொடங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, வேளாண் அறிவியல் நிலையமோ, அடுத்த ஆண்டு மாணவர்களோ ஏற்கலாம். எழுதிய நிரலையும், சுத்தம் செய்த விவரங்களையும் எல்லோரும் எடுக்கும்படி பொதுவில் வைத்தால்தான், அடுத்து வருபவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

இன்னொன்றிலும் கவனம் தேவை. ஊர் மழை அளவு பொது. ஒரு விவசாயியின் பெயர், செல்போன் எண், ஆதார், கடன் விவரம் ஆகியவை பொது அல்ல. 2023-ம் ஆண்டு தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க மத்திய அரசு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. மாணவர்தானே என்று ஆதார் நகலைக் கொடுக்கத் தேவையில்லை. அவர்களும் கேட்கக் கூடாது.

விடை எப்போதும் விவசாயிக்குச் சாதகமாக வரும் என்றும் சொல்ல முடியாது. பயிர்க் காப்பீட்டில், அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சலை வைத்தே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. தன் வயல் காய்ந்தும் சுற்றுவட்டாரம் விளைந்திருந்தால், கணக்கு அவருக்குக் கைகொடுக்காமல் போகலாம். ஆனாலும், ஏன் வரவில்லை என்று எண்களோடு தெரிந்துகொண்டு குறைதீர்வு நாள் கூட்டத்தில் எழுந்து நிற்பவரின் கேள்விக்கு வலு அதிகம். ‘மழை இல்லீங்க ஐயா’ என்ற மனுவைவிட, ‘எங்கள் பகுதியில் பத்து ஆண்டுகளின் ஐப்பசி மழை இவ்வளவு, இந்த ஆண்டு இவ்வளவு’ என்ற மனுவுக்குப் பதில் சொல்லாமல் தள்ளிவிட முடியாது.

கேள்வியைத் தயார் செய்வது எப்படி?

உங்கள் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ கல்லூரியில் படிக்கிறார்களா? போட்டி அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு கேள்வியைக் கொடுத்துப் பார்க்கலாம்.

* ஊர், பயிர், பருவம் மூன்றையும் சொல்லுங்கள். ‘விலை எப்போது ஏறும்’ என்பதைவிட, ‘சேத்துப்பட்டு விற்பனைக்கூடத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் மணிலா வரத்து எந்த மாதங்களில் குறைந்தது, அப்போது விலை என்ன’ என்பது நல்ல கேள்வி.

* விடை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விதைப்பைத் தள்ளிப்போடுவதா, மூட்டையை இருப்பு வைப்பதா? அது தெரிந்தால்தான் மாணவர் சரியான கணக்கைப் போடுவார்.

* மூட்டைக்கு எத்தனை கிலோ, உங்கள் ஊரில் பயிருக்கு என்ன பெயர் என்பதை எழுதிக் கொடுங்கள்.

* உங்களிடம் இருக்கும் பழைய விற்பனை ரசீது, மழைக் குறிப்பு, விதைத்த தேதி ஆகியவற்றைக் காட்டுங்கள். இணையதளத்தில் உள்ள எண் சரிதானா என்று சோதிக்க இவைதான் உரைகல்.

* வந்த விடையை ஒரு பருவம் ஒத்துப்பாருங்கள். பொருந்தாவிட்டால், எங்கே பொருந்தவில்லை என்று அந்த மாணவரிடமே சொல்லுங்கள். அந்தத் திருத்தம்தான் அடுத்த கணக்கைச் சரியாக்கும்.