பந்தயத்தில் பிடிபடும் பாஸ் மீன்களைக் கணக்கிட்டுக் காக்கும் முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏரிகளிலும் அணைக்கட்டு நீர்த்தேக்கங்களிலும் பாஸ் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் பந்தயங்கள் ஆண்டுதோறும் ஏராளமாக நடைபெறுகின்றன. இவற்றுள் பெயர் பெற்றவற்றிற்கு வழிகாட்டியாக அமைந்தது, 1967-ஆம் ஆண்டில் ரே ஸ்காட் என்பவர் ஆர்க்கன்ஸா மாகாணத்துப் பீவர் ஏரியில் நடத்திய பந்தயமாகும். தொடக்கத்தில் பிடிபட்ட மீன்கள் இறந்த நிலையிலேயே நிறுக்கப்பட்டு வந்தன. இவ்வழக்கம் நீடித்தால் ஏரிகளின் மீன்வளம் குன்றும் என்ற அச்சம் எழுந்தமையால், 1972-ஆம் ஆண்டில் மீனை உயிருடன் கொணர்ந்து நிறுத்துத் திரும்ப ஏரியில் விடும் ஏற்பாட்டை அவர் புகுத்தினார். அதுமுதல், நாள் முழுதும் மீனைப் படகிலேயே உயிரோடு வைத்துக் காப்பது பந்தயத்தின் இன்றியமையாத பகுதியாயிற்று.

மீனின் இயல்பு

பாஸ் மீன்களில் பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என்னும் இரண்டுமே பந்தயங்களில் முக்கியமானவை. நம் நாட்டு விராலைப் போல இவையும் மறைந்திருந்து பாய்ந்து இரை கொள்பவை. முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும் குணமும் விராலுக்கு உள்ளது போலவே இவற்றிற்கும் உண்டு. பாஸில் இக்காவல் ஆண்மீனின் வேலை. ஆனால் ஒரு பெரிய வேற்றுமையைக் கருத வேண்டும். விரால் நீர்மட்டத்திற்கு வந்து காற்றை நேரே உட்கொள்ள வல்லது. ஆதலின் பானையில் சிறிதளவு நீரிலும் நெடுநேரம் உயிர் தாங்கும். பாஸ் மீனுக்கோ நீரில் கரைந்துள்ள பிராணவாயுவே கதி. தூண்டிலில் போராடிக் களைத்த மீனுக்கு அவ்வாயு வழக்கத்தினும் அதிகமாகத் தேவைப்படும் வேளையில்தான் அது படகின் சிறு தொட்டிக்குள் அடைக்கப்படுகிறது.

அடையாளமிட்டுக் கணக்கு வைத்தல்

பெரும்பாலான பந்தயங்களில் ஒருவர் ஒரு நாளில் ஐந்து மீன்களையே கணக்கிற்குக் கொண்டுவரலாம். ஆறாவது மீன் பிடிபட்டதும், தொட்டியிலுள்ளவற்றுள் எடையிற் குறைந்ததை நீக்கி ஏரியில் விட்டுவிடுதல் வேண்டும். எது குறைந்தது என்று கண்ணால் மட்டும் துணிவது அரிது. கணக்கு வையாதவர் ஒவ்வொரு முறையும் எல்லா மீன்களையும் வெளியே எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட நேரிடும். கை படுந்தோறும் மீனின் உடலை மூடியுள்ள வழுவழுப்பான கோழை உரிகின்றது. நோய்க் கிருமிகளைத் தடுக்கும் கவசம் அக்கோழையே.

இதனைத் தவிர்க்கும் உபாயம் எளியது. ஒவ்வொரு மீனையும் பிடித்தவுடன் ஒரே முறை நிறுத்து, எண்ணோ நிறமோ குறித்த மிதவை அடையாளம் ஒன்றைக் கவ்வியின் உதவியால் அதன் கீழ்த்தாடையில் மாட்டி, அவ்வெண்ணுக்கு நேராக எடையை எழுதி வைத்தல் வேண்டும். பிறகு பெரிய மீன் கிடைத்தபோது, ஏட்டைப் பார்த்துக் குறைந்த எடையுள்ள எண்ணைக் கண்டு, அந்த மிதவையைப் பற்றி அம்மீனொன்றை மட்டும் எடுத்துவிடலாம். ஏனைய நான்கிற்கும் தொந்தரவு இல்லை. தாடையைத் துளைக்கும் ஊசிகளைக் காட்டிலும், துளைக்காமல் கவ்வும் கவ்விகளே சிறந்தவை. ஆகவே கணக்கேடு என்பது பந்தயத்தில் வெல்வதற்கு மட்டுமன்று, மீனின் உயிருக்கும் காவலாகும்.

மீனைக் கையாளுமுன் கைகளை நனைத்துக்கொள்ள வேண்டும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பற்றிச் சாய்வாகத் தூக்கினால் தாடை மூட்டு பழுதுறும். மற்றொரு கையால் வயிற்றைத் தாங்குதல் அவசியம். படகின் சூடேறிய தளத்திலோ விரிப்பிலோ மீனைக் கிடத்தலாகாது.

தொட்டி நீரும் பிராணவாயுவும்

நீர் சூடேற ஏற அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணமுள்ள நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் வாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராமே தாங்கும். அதேசமயம் இந்த 10 டிகிரி உயர்வால் மீனின் வாயுத் தேவையோ ஏறக்குறைய இருமடங்காகிறது. வரவு சுருங்கிச் செலவு பெருகும் குடும்பத்தின் நிலைமையே கோடைகாலத்துத் தொட்டியின் நிலைமை. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே வாயு குறையாதபடி, காற்றைக் கலக்கும் யந்திரத்தை இடைவிடாது ஓட்டுதல் நலம். நெருக்கமும் ஆகாது, ஒரு கிலோ எடையுள்ள மீனுக்குச் சுமார் 8 லிட்டர் நீராவது இருக்க வேண்டும்.

குளிர்ந்த காலத்தில் ஏரிநீரையே ஓயாமல் தொட்டிக்குள் பாய்ச்சி வெளியேற்றுவது போதுமானது. கோடையில் ஏரியின் மேல்நீரே சூடாயிருப்பதால், தொட்டி நீரை உள்ளேயே சுழலவிட்டுப் பனிக்கட்டியால் குளிர்விக்கிறார்கள். 100 லிட்டர் நீரில் ஒரு கிலோ பனிக்கட்டி கரைந்தால் உஷ்ணம் சுமார் ஒரு டிகிரி தணியும். ஏரிநீரைவிட 3 முதல் 5 டிகிரி வரை குறைத்தால் போதும். அதற்கு மேல் திடீரெனக் குளிர்விப்பதும், பின் அம்மீனைச் சூடான ஏரியில் விடுவதும் தீங்காகும். குளோரின் கலந்த குழாய்நீரில் உறைந்த கட்டி மீனின் செவுள்களுக்குக் கேடு விளைவிப்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

சுழலும் நீரில் மீன் வெளியிடும் அம்மோனியாவும் கரியமிலவாயுவும் சேர்ந்துகொண்டே போகும். ஆகையால் சில மணிக்கொருமுறை பாதி நீரை மாற்றி, மறுபடி குளிர்விப்பது முறை. நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு சுற்றியுள்ள நீரில் இல்லாமையால், களைத்த மீன் உப்பை இழக்கிறது. இதைத் தணிக்க 100 லிட்டருக்கு 300 முதல் 500 கிராம் வரை அயோடின் சேராத உப்பை இடுகிறார்கள்.

ஆழத்தில் பிடிபட்டவை

சுமார் 9 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து பாஸ் மீனை மேலே இழுக்கும்போது நீரின் அழுத்தம் தளர்ந்து அதன் காற்றுப்பை விரிகிறது. கெண்டையினத்து மீன்களில் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே குழாய் உண்டு. மிகுந்த காற்று வாய்வழியே கழியும். பாஸுக்கு அக்குழாய் இல்லை. எனவே மீன் மல்லாந்து மிதந்து சாகும். இத்தகைய மீனின் துடுப்பில் சிறு எடைகளை மாட்டி நேராக நிற்கச் செய்யலாம். ஊசியால் காற்றை வெளியேற்றும் முறையும் உண்டு. இடம் தவறினால் உள்ளுறுப்புகள் சிதையுமாதலால், பழகியவரே அதைச் செய்தல் தகும்.

நிறுத்தலும் விடுதலும்

தொட்டியிலிருந்து தராசுக்கு மீனைப் பையில் எடுத்துச் செல்லும் நேரமே மிக அபாயகரமானது. பை நிறையத் தொட்டி நீரை மொண்டு, இரண்டு நிமிஷத்திற்குள் அடுத்த நீர்த்தொட்டியைச் சேர்தல் வேண்டும். இறந்த மீனுக்கு எடையில் கழிவு விதிப்பதால் பந்தயக்காரரும் கவனமாயிருக்கின்றனர். எனினும், தராசில் துள்ளிய மீன் தப்பியது என்று கொள்ளுதல் பிழை. நன்றாக நீந்திச் சென்ற மீனும் சில நாட்களுக்குள் இறக்கக்கூடும். நீர் சூடான மாதங்களில் இவ்விழப்பு மிகுதி. கரையில் நிற்போர் கண்ணுக்கு அது படுவதில்லை.

எல்லா மீன்களையும் ஒரே துறையில் விடுவதும் நன்றன்று. பல பெருவாய்ப் பாஸ்கள் விட்ட இடத்தருகே நெடுநாள் தங்கிவிடுகின்றன. ஆதலால் சில இடங்களில் நீர்த்தொட்டிகள் பொருத்திய படகுகளில் அவற்றை ஏற்றி ஏரியின் பல பகுதிகளில் பரப்பி விடுகின்றனர். வசந்தகாலத்தில் கூட்டைக் காக்கும் ஆண்மீனை அகற்றினால், சிறு மீன்கள் முட்டைகளைத் தின்று தீர்க்கும். அம்மீன் உயிருடன் விடப்பட்டாலும் அதன் சந்ததி அழிந்ததேயாம். இக்குறைகளை நீக்கும் பொருட்டு, 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய பாஸ் புரோ டூர் என்னும் பந்தயத்தில், படகிலேயே கண்காணிப்பாளர் முன்னிலையில் மீனை நிறுத்து, எடையைப் பதிந்து, பிடித்த இடத்திலேயே உடனே விடும் ஏற்பாடு செய்யப்பட்டது. அங்கே தொட்டிக்கு வேலையில்லை, கணக்கேடே போதுமானதாயிற்று.

மீன் வளர்ப்போருக்குப் பயன்

இவ்விதிகள் விளையாட்டுக்கு மட்டும் உரியவையல்ல. மீன்பாசிக் குத்தகை எடுத்த ஏரி குளங்களில் கட்லா, ரோகு முதலிய குஞ்சுகளை விடுவோர் சந்திக்கும் இடையூறுகளும் இவையே. குஞ்சுகளை ஏற்றுவதற்கு முந்திய நாள் இரை கொடாது வைத்தால் நீர் கெடுவது குறையும். வெயில் ஏறுமுன் கொண்டுவருதல் வேண்டும். பிராணவாயு நிரப்பிய பைகளைக் குளத்தில் 15 முதல் 20 நிமிஷம் மிதக்கவிட்டு, உஷ்ணம் சமமான பின்னரே அவிழ்க்க வேண்டும். கொண்டுவந்தவை எத்தனை, வழியில் இறந்தவை எத்தனை, குளத்தில் விட்டவை எத்தனை என்று அப்போதைக்கப்போது எழுதி வைப்பவரே, அறுவடையில் குறைவு கண்டால் அது எங்கே நேர்ந்தது என்று அறிந்து அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ள இயலும்.